தூபிக்கு முன்னால் பெயர்களை எழுதுவோம்

முள்ளியவளைப் பக்கம் ஒரு சந்தியில் சமாதானத் தூபி எழுப்பப்போகிறார்களாம். போன வாரக் கூட்டத்தில் படத்தைக் காட்டினார்கள். நான்கு மதச் சின்னங்கள், கோத்த கைகள், உச்சியில் ஒரு வெண்புறா. வடிவான படம்தான். ஆனாலும் எனக்கு நெஞ்சு கனத்தது. எழுந்து பேசப்போனேன், தொண்டை அடைத்துவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போர் முடிந்தபின் இராணுவம் எழுப்பிய தூபிகளுக்கு வன்னியில் குறைவில்லை. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பெரிய கொங்கிரீட் கட்டி நிற்கிறது. அதைத் துளைத்த எறிகணை, மேலே பூத்த தாமரை. ஆனையிறவில் நாட்டின் வரைபடத்தை ஏந்திய கைகள். புதுக்குடியிருப்பில் துப்பாக்கியும் கொடியுமாக ஒரு சிப்பாய். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் நிற்கின்றன, படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஊர்ச் சனம் அங்கே ஒரு பூ வைத்து நான் கண்டதில்லை. எப்படி வைப்பார்கள்? அதே கிளிநொச்சியில், போரில் இறந்த புலிகளைப் புதைத்த கனகபுரம் துயிலுமில்லத்தின் கல்லறைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. உடைந்த கற்களைக் குவித்து, அந்தக் குவியலுக்குத்தான் பெற்றவர்கள் விளக்கேற்றினார்கள். 2021 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நினைவுத்தூபி சிதைக்கப்பட்டது. நாட்டுவதற்குக் கொண்டுவந்த கல்லும் இரவோடிரவாகக் காணாமற்போனது. அடுத்தவரை அழ விடாத மண்ணில் புறா எதற்கு?

சமாதானம் எப்படி இருக்கும் என்பதை நான் மடு மாதா கோயிலில் கண்டேன். நாங்கள் சைவர்கள், ஆனாலும் ஆவணித் திருவிழாவுக்கு அம்மா தவறாமல் போவார். ஒரு வருடம் எங்கள் தறப்பாளுக்குப் பக்கத்துத் தறப்பாளில் நீர்கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா இருந்தார். கடற்கரைத் தமிழில் கொஞ்சம் கொஞ்சம் பேசினார். 1996 யூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபோது அவருடைய தம்பி உள்ளே இருந்திருக்கிறார். உடல் வரவில்லை. கோயில் வளவில் குனிந்து மடு மண்ணை ஒரு பிடி அள்ளினார். பாம்புக்கடிக்கு நல்லதென்று எல்லோரும் எடுத்துப்போகிற மண்தான். கைக்குட்டையின் நுனியில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு முடிச்சை அவிழ்த்துப் பாதியை அம்மாவின் கையில் கொட்டி, “உங்கள் மகனுக்கு, அக்கா” என்றார். அண்ணாவைப் பற்றி அம்மா எப்போது அவரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இருவரும் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. ஒரே கேத்தலில் தேநீர் வைத்துக் குடித்தார்கள்.

அந்த மண் இன்றைக்கும் எங்கள் சாமியறையில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் படத்துக்குக் கீழே இருக்கிறது. தெற்கில் அந்த அம்மனைத்தான் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

இனிச் சொல்லப்போவது எங்களில் சிலருக்குக் கசக்கும். எங்கள் துக்கத்துக்கு இடம் கேட்கிற நாங்கள், மற்றவர்களின் துக்கத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எங்களுக்குப் பக்கத்துத் தண்ணீரூற்றிலிருந்தும் அவர்கள் போனார்கள். எங்கள் பகுதியில் அதற்கு ஒரு கல் நாட்டப்பட்டதாக நான் அறியேன். எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்து டொலர் பண்ணையிலும் கென்ற் பண்ணையிலும் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் விரட்டப்பட்டார்கள். அங்கே கொண்டுவந்து இருத்தப்பட்ட சிங்களக் குடும்பங்கள் 1984 நவம்பரில் கொல்லப்பட்டன. ஒரே நிலத்தில் இரண்டு அழுகை. இதையெல்லாம் மூடிப் பூசிவிட்டு மேலே பிறைச் சின்னத்தை வைத்தால், தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்த முஸ்லிம் பெரியவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்?

கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் சீமெந்து வாங்குவதற்கு முன்னால் பெயர்களைச் சேருங்கள். செத்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், துரத்தப்பட்டவர்கள் எல்லோருடைய பெயரும் வேண்டும். இயக்கமா, இராணுவமா, எந்தச் சமயம் என்று பிரிக்காமல் அகர வரிசையில் வரட்டும். புறாவுக்கு இடம் போதாவிட்டால் புறாவை விடுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் நான் எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை 11 பெயர்கள். ஒழுங்கை முடக்கில் புடைவைக் கடை வைத்திருந்த குடும்பத்தின் பெயர்கள் மட்டும் முழுதாகத் தெரியவில்லை. 1990இல் புத்தளம் பக்கம் போனார்கள் என்று அம்மா சொல்கிறார். அவர்களை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்குத் தகவல் அனுப்புங்கள்.