முதல்ல கல்லுக்குக் காசு குடுங்க

நேத்து காரைக்குடி கூட்டத்துல நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோ சுத்திக்கிட்டு இருக்கு. "சிறுதொழில் பண்றவங்களுக்கு நிலைத்த வளர்ச்சின்னா என்னன்னே புரியல, அவங்க மனசு மாறணும்"னு பேசுனாரே, அவருதான் ஆத்தங்குடி தரைக்கல்லு செஞ்சு குடுத்த எனக்குக் கல்லுக்காசு பாக்கி வச்சிருக்காரு. இன்னையோட 112 நாள். பேர் சொல்லல, கமெண்ட்லயும் யாரும் போடாதீங்க.

ஐநா 2015ல கொண்டுவந்த நிலைத்த வளர்ச்சி இலக்கு பதினேழையும் கட்டம் கட்டமா போட்ட படத்தக் காட்டுனாரு. அதுல எட்டாவது கட்டம் நல்ல வேலை, பொருளாதார வளர்ச்சி பத்துனது, அதுக்குள்ள சிறு, நடுத்தரத் தொழில் வளரணும், அதுக்குப் பணவசதி கிடைக்கணும்னும் இருக்கு. நானும் படிச்சிருக்கேன். எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான், பண்ணுன வேலைக்குக் காசு டயத்துக்கு வந்தா தொழில் நிக்கும், வராட்டி நிக்காது.

சுற்றுச்சூழல் பத்தியும் பாடம் எடுத்தாரு. ஆத்தங்குடி கல்லுக்குச் சூளையே கிடையாதுங்க. கண்ணாடி மேல அச்ச வச்சு, சாயம் கலந்த சிமெண்டக் கரண்டியால ஊத்தி, அச்ச எடுத்துட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணித்தொட்டியில ஊறவச்சு, அப்பறம் காயவைக்கிறோம், கண்ணாடிய எடுத்தா அந்தப் பளபளப்பு தானா வந்து நிக்கும். விறகு இல்ல, கரி இல்ல. சிமெண்ட் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நேத்து எனக்கு வலிச்சது அது இல்ல.

"கேஸ் போட வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்களுக்கு: சிறுதொழில்காரங்களுக்காக 2006ல வந்த சட்டம் எனக்கும் தெரியும். எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாளுக்குள்ள காசு குடுக்கணும், இருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக்கூடாது, தாண்டுனா ரிசர்வ் வங்கி சொல்ற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டுவட்டி. புகார் போட அரசாங்க போர்ட்டலே இருக்கு. போட்டா என்ன ஆகும்? இங்க கட்டுற இன்ஜினியர், காண்ட்ராக்டர் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க, அடுத்த ஆர்டர் எனக்கு வராது. 2024 ஏப்ரல்ல இருந்து, கெடு தாண்டுன பாக்கியக் குடுக்குற வரைக்கும் வாங்குனவங்க வருமான வரியில செலவாக் காட்ட முடியாதுன்னு விதி வந்துச்சு, சந்தோஷப்பட்டேன். ஒரு காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்த விதி தன் மேல வராம இருக்க, "உத்யம் பதிவ கேன்சல் பண்ணிட்டு வா, ஆர்டர் தர்றேன்"னாரு. சிறுதொழில்னு அரசாங்கத்துல பதியுறதுதான் உத்யம். அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

"லோன் போடு"ங்கறாங்க. அவரு வச்சிருக்குற என் காசுக்கு நான் எதுக்கு பேங்க்ல வட்டி கட்டணும்? போன தீபாவளிக்குப் பட்டறை ஆளுங்களுக்கு போனஸ் குடுக்க வீட்டுக்காரி செயின அடகு வச்சேன், இன்னும் திருப்பல. அவ ஒரு வார்த்தை கேக்கல, கேட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஊர்ப் பேரக் கெடுக்காத"ன்னும் ஒரு அண்ணன் மெசேஜ் போட்டிருக்காரு. அண்ணே, இந்த ஊர்ப் பேரு எப்படி வந்துச்சு? செட்டியார் வீடுகளுக்குக் கல்லு போட்ட காலத்த அப்பா சொல்லுவாக, சனிக்கிழமை சாயங்காலம் கணக்கப்பிள்ளை வந்து சிட்டையப் பாத்து எண்ணிக் குடுத்துட்டுத்தான் போவாகளாம். வாக்குக்கும் நாணயம், காசுக்கும் நாணயம்னு ஒரே பேரு வச்ச ஊரு இது. பர்மா வரைக்கும் போய்க் கடை வச்சது அந்த நம்பிக்கையில. இப்ப அந்தப் பழைய வீட்டு முன்னாடி போட்டோ எடுத்துப் போடுறவங்க, புதுசா அதே கல்லப் போட்டுத் தந்தவனுக்கு போன எடுக்க மாட்டேங்கறாங்க.

என் பட்டறையில அச்சு பிடிக்கிற பையன் திருப்பூர் போறேன்னு சொல்லிட்டான். அவன் கை எனக்கு வராது, ஏழு வருஷம் பழகுன கை. அவன இருன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இன்னைக்கும் சனிக்கிழமைதான். அஞ்சு மணிக்கு நாலு பேர் கூலிக்கு வருவாங்க. காலைல இருந்து மூணு தடவை அவருக்கு போன் பண்ணிட்டேன், இத எழுதி முடிச்சுட்டு நாலாவது தடவை பண்ணணும்.