கொறங்காட்டில் ஆறு ஓடாது

போன வாரம் ஒரு அப்பா பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கேட்டார். "ஏனுங் டீச்சர், வெள்ளிக்கெழமையானாப் பாட்டு, படம்னு பையன் வந்து சொல்றானுங்க. அந்த நேரத்துக்கு நாலு கழித்தல் கணக்குப் போட வெச்சா ஆவாதுங்களா?"

கோபமெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். தேங்காய்க் களத்தில் வெள்ளென வெயிலுக்கு முன்னால் போய் நிற்கிற மனுஷர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லி முடிக்கிற மாதிரி ஒரு பதில் எனக்கு வரவில்லை. "செரிங்க, பாக்கலாமுங்க" என்று அனுப்பிவிட்டேன். அது அன்று ராத்திரியெல்லாம் உறுத்தியது. அதனால் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும், நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

காங்கயம் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை செய்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என் பொறுப்பு. நாலும் அஞ்சும் தலைமையாசிரியருக்கு. டிராயிங் மாஸ்டர், பாட்டு டீச்சர் என்று யாரும் எங்களுக்குக் கிடையாது. அது எங்கள் பள்ளியின் குறையும் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அவ்வளவுதான். கலைக்கு என்று பகுதிநேரப் பயிற்றுநர் வருவது ஆறாம் வகுப்புக்கு மேல், அதுவும் பிள்ளைகள் 100 பேரைத் தாண்டினால். தமிழ்நாட்டில் 2012ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரைநாள் என்று, அவர்களும் ஆறு முதல் எட்டு வரைக்குத்தான். பாவம், அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடுவது தனிக் கதை.

ஆக, அஞ்சு வயதிலிருந்து பத்து வயது வரை, சுவர், தரை, சிலேட்டு என்று பார்க்காமல் கிறுக்கி, கூச்சமில்லாமல் பாடித் திரிகிற காலம் முழுக்க ஆள் இல்லை. பதினொரு வயதில் ஆள் வரும்போது பிள்ளை சொல்லும்: "எனக்கு வரைய வராதுங்க சார்."

என் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்தான் இதற்கு. முதல் வருஷம் "என்ன வேணும்னாலும் வரைங்க கண்ணு" என்று தாளைக் கொடுத்தேன். முப்பது பிள்ளைக்கும் ஒரே படம். உங்களுக்கும் தெரிந்த படம்தான். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வருகிற ஆறு, கரையில் ஒரு தென்னை, கூரை வீடு, வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. நானும் இதைத்தான் வரைந்தேன், எங்கள் அம்மாவும் இதைத்தான் வரைந்திருப்பார். யார் முதலில் வரைந்தார்களோ!

எங்கள் பள்ளி வாசலில் நின்றால் தெரிகிற மலை சிவன்மலை ஒன்றுதான். கோயமுத்தூர்ப் பக்கம் போனால் மலைக்குக் குறைவில்லை, ஆனால் அங்கே மலை மேற்கே இருக்கிறது. சூரியன் அதில் போய் விழும், எழாது. ஆறு? எங்கள் ஊரில் கிணற்றிலேயே தண்ணீர் இல்லை.

பிறகு ஒரு நாள் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கொறங்காட்டுக்குப் போனேன். வெளியூர்க்காரர்களுக்கு: கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நடுவே மாடு. "இதை வரைங்க" என்றேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மிஸ், இதுல வரையறதுக்கு என்னங்க இருக்குது?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. ஏழு வயதுக்குள் நாங்கள் அவனுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டோம். வரைவதற்குத் தகுந்த ஊர் வேறெங்கோ இருக்கிறது, அது புத்தகத்து அட்டையில் இருக்கிறது, நீ பிறந்த இடம் படத்துக்கு ஆகாது.

விடவில்லை. "சும்மா உக்காந்து பாருங்க, வரையக்கூட வேண்டாம்" என்றேன். பத்து நிமிஷம் ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வெள்வேலன் பட்டை வெளுப்பாக இருக்கிறது, ஆனால் வெள்ளை இல்லை. அரசாங்கம் ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கிரையான் தருகிறது, மூன்றிலிருந்து கலர் பென்சில். இரண்டு பெட்டியிலும் அந்த நிறம் இல்லை. ஒரு பிள்ளை மஞ்சளை லேசாகத் தேய்த்து அதன் மேல் கருப்பைப் பட்டும் படாமலும் தேய்த்து, "மயிலைக் கலர் வந்துருச்சுங்க மிஸ்!" என்றது.

மயிலை என்றால் சாம்பல் பூசிய வெளுப்பு. காங்கயம் மாட்டுக்கு மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தை வைத்தே பேர். அப்பாரு (தாத்தா) மடியில் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு இந்த நாலும் தெரியும். கிரையான் பெட்டியில் இருக்கிற நிறத்துக்கு நாங்கள் பேர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம், பெட்டியில் இல்லாத நிறத்துக்கு அவர்களிடம் பேர் இருந்தது.

இன்னொன்று. மயிலைப் பசுவும் கன்றும் வரைந்த ஒருவன் கன்றுக்குச் செங்கல் நிறம் அடித்திருந்தான். டவுனில் வளர்ந்த நான், "தாய் இந்தக் கலர்னா கன்னும் அதே மாதிரிதானடா இருக்கும்" என்று திருத்தப் போனேன். "இல்லீங் மிஸ், கன்னு செவப்பாத்தானுங்க பொறக்கும், பொறவுதான் மயிலையாவும்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. காங்கயம் கன்று சிவந்த நிறத்தில் பிறந்து, ஆறு மாதம் போல ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும். என் சிவப்பு மை அந்தப் படத்தில் பட்டிருந்தால் அவன் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று நினைத்திருப்பான். சினையாட்டை வயிற்றுக்குள் குட்டியோடு வரைகிற பிள்ளையிடமும் இதே தப்பை நாம் செய்கிறோம். இந்த வயதில் பிள்ளை தனக்குத் தெரிந்ததையெல்லாம் தாளில் போட்டுவிடும். உள்ளே குட்டி இருப்பது அதற்குத் தெரியும், போட்டுவிட்டது. அதில் திருத்த ஒன்றும் இல்லை.

(வெளிக்கோடு அச்சடித்த மயிலுக்குள் கோட்டைத் தாண்டாமல் பச்சை அடிக்கிறதை ஓவியம் என்று சொல்லாதீர்கள். அது கைக்குப் பயிற்சி, நல்லதுதான். பெரிய பள்ளிகளில் 'ஆர்ட் அண்டு கிராஃப்ட்' என்று சார்ட்டும் மினுமினுப்புத் தாளும் வாங்கி வரச் சொல்வது அம்மாக்களுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வைக்கிற பரீட்சை.)

பாட்டுக்கு வருகிறேன். சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்றுத்தர அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு தொடக்கப்பள்ளிகளில் பாட்டு நிறைய இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன், என் வகுப்பில் மூலையில் உட்கார்ந்தே இருந்த பிள்ளைகள் பாட்டால்தான் எழுந்து வந்தார்கள். ஆனால் அங்கே பாட்டு எழுத்துக்கு வேலை செய்கிறது. 'ட' வந்ததா, 'டா' வந்ததா என்று பார்ப்போம். சுருதி வந்ததா, தாளம் நின்றதா என்று யாரும் கேட்பதில்லை. "சத்தமாப் பாடு" என்பதுதான் நாங்கள் சொல்லித் தருகிற ஒரே சங்கீதம்.

இத்தனைக்கும் எங்கள் பிள்ளைகள் தினமும் காலையில் மோகனம் பாடுகிறார்கள். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த ஆணையிலேயே இருக்கிறது: மோகன ராகம், மூன்றன் நடை (மூன்று மூன்றாகப் போகிற தாளம்), 55 வினாடி. மோகனத்தில் ஐந்தே சுரம், ச ரி க ப த. சின்னப் பிள்ளைகளின் தொண்டைக்கு இதைவிடத் தோதான ராகத்தைத் தேட வேண்டியதில்லை. நாங்கள் அதை என்ன செய்கிறோம் என்றால், ஆண் ஆசிரியர் தன் குரலுக்கு ஏற்றபடி கீழே எடுப்பார், பிள்ளைகள் எட்டாமல் உறுமும். இல்லையென்றால் முன்னால் நிற்கிற பிள்ளை பயத்தில் மேலே எடுக்கும், எல்லாரும் கத்துவார்கள். ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் ஒரு நிமிஷம் இருபது வினாடி.

நான் பாடகி இல்லை. செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அடி என்று நடந்துகொண்டே பாட வைத்தேன். எடுப்பதற்கு முன்னால் ஒரு பிள்ளையை முனகச் சொல்லி, எல்லாரும் அந்த முனகலோடு சேர்ந்த பிறகு ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் 55க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதைவிட முக்கியம், சத்தம் வேறு சுருதி வேறு என்று ஒன்றாம் வகுப்புக்கே புரிந்துவிட்டது.

தாளத்துக்கு எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. காங்கயத்திலிருந்து ஈரோடு போகிற ரோட்டில் அறச்சலூர் இருக்கிறதே, அங்கே நாகமலையில் ஒரு கல்வெட்டு. புலவர் செ. இராசு கண்டுபிடித்துச் சொன்னது. வயது 1,500 ஆண்டுகளுக்கு மேல். ராஜா பேர் இல்லை, தானம் இல்லை, வரி வசூல் இல்லை. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி, அவ்வளவும் ஆட்டத்துக்கான சொற்கட்டு. முதல் வரி: த தை தா தை த. இரண்டாவது: தை தா தே தா தை. அந்த எழுத்தைச் சேர்த்துக் கோத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பேரும் வெட்டியிருக்கிறது. வண்ணக்கன் என்றால் மணியும் காசும் சோதித்துப் பார்க்கிறவன். அந்தக் காலத்தில் பக்கத்துக் கொடுமணலில் கல்மணி பட்டை தீட்டிய நாட்டில் ஒரு கல் பார்க்கிற ஆள் தாளத்தையும் கட்டம் கட்டி வைத்திருக்கிறான்.

அந்த ஐந்து வரியையும் கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதி, கை தட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை ஓடி வந்து, "மிஸ், மேலருந்து கீழ படிச்சாலும் அதேதானுங்க வருது" என்றது. நான் சொல்லித் தரவில்லை. அந்த அப்பா கேட்ட கணக்கு இதற்குள் இருக்கிறதா இல்லையா?

அன்றைக்குத்தான் இன்னொன்றும் நடந்தது. எல்லாரும் ஐந்தைத் தட்டிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து வேறு மாதிரி ஒரு அடி கேட்டது. ஐந்துக்கு நடுவில் சின்னச் சின்ன அடிகள் போட்டு, சரியாக முதல் எழுத்தில் வந்து விழுந்தது. ஒருவன் சத்துணவுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, விரலாலும் குச்சியாலும் அடித்துக்கொண்டிருந்தான். "யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா?" என்றேன். சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். பக்கத்துப் பிள்ளை சொன்னது, "அவுங்கப்பா எழவு வீட்டுக்கு அடிக்கப் போறவருங்க மிஸ்." சிரிப்பு வேறு.

அவன் அப்பாவைப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை தப்பட்டையோடு, அதாவது பறையோடு, வந்து பிள்ளைகளுக்கு அடித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். தோலைத் தீயில் காய்ச்சி, அதன் குரல் ஏறுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை. அவர் நின்றபடியே சொன்னார்: "வேண்டாமுங்க டீச்சர். இத வுட்டு வெளிய வரோணும்னுதானுங்க அவன அங்க அனுப்பறேன்." எனக்கு மறுபேச்சு இல்லை. கல்லூரி மேடைகளில் பறைக்குக் கைதட்டுகிறார்கள், கொங்கு நாடெங்கும் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடக்கிறது, அதைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்த மேட்டுப்பாளையத்துப் பத்ரப்பன் அய்யாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். ஆனால் கும்மி அடிக்கிற கைக்கும் தப்பட்டை அடிக்கிற கைக்கும் ஊரில் ஒரே மரியாதை இல்லை. கும்மியையே ஒரு சாதிக்கு என்று வேலி கட்டப் பார்க்கிற கூட்டமும் இருக்கிறது. என் நாற்பது நிமிஷப் பீரியடில் இதை நான் தீர்த்துவிடப் போவதில்லை. சிரித்த பிள்ளைகளை மட்டும் மறுநாள் அந்த ஐந்துக்கு நடுவில் அவன் போட்ட அடியைப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒருத்தருக்கும் வரவில்லை. அப்புறம் அவனிடமே போய்க் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது அரசுப் பள்ளிகளுக்கு நடத்துகிற கலைத் திருவிழாப் போட்டி தொடக்கப்பள்ளிக்கும் வந்துவிட்டது. வரட்டும். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் அதன் அர்த்தம் என்ன தெரியுமா? இரண்டு வாரம் ஒரு பிள்ளையைத் தேய்த்துத் தேய்த்துத் தயார் செய்வோம், மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாடகை உடைக்குக் காசு நம் கையிலிருந்து. ஒன்றிய அளவில் தோற்றுத் திரும்பும்போது அந்த ஒரு பிள்ளைக்கும் அழுகை.

மில் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று இரண்டாம் வகுப்பில் சேர்ந்து, நாலு மாதம் வாயே திறக்கவில்லை. மார்கழியில் முற்றத்தில் எல்லாரும் கோலம் போட்டபோது அதுவும் வந்து குந்தியது. நம் பிள்ளைகள் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று எண்ணி வைத்துச் சிக்குக் கோலம் இழுத்தார்கள். அது புள்ளியே வைக்கவில்லை. கோலமாவைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலை நனைத்து, நெற்கதிரும் சின்னச் சின்னப் பாதங்களுமாகப் போட்டுக்கொண்டே போனது. அவர்கள் ஊரிலும் மார்கழியை ஒட்டி லட்சுமிக்கு இப்படிப் போடுவார்களாம், ஜோட்டி என்று பேர். நம் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். "எப்பிடி, எப்பிடி?" என்பதுதான் அந்தப் பிள்ளை இங்கே கற்ற முதல் தமிழ். நம் சிக்குக் கோலம் லேசுப்பட்டது இல்லை, 1970களிலேயே சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணியும் கூட இருந்தவர்களும் அதை வைத்துக் கணினி இலக்கணம், அதாவது கோலத்தைக் கட்டுகிற விதிகள், எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் அன்றைக்கு ஜெயித்தது மூன்று விரல்தான்.

அந்த அப்பாவுக்கு வருகிறேன். உங்கள் பையனுக்குக் கடன் வாங்கிக் கழிக்க இன்னும் தடுமாறுகிறது, உண்மைதானுங்க. அதைத் திங்களிலிருந்து வியாழன் வரை விடாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் "இதுல வரையறதுக்கு என்னங்க இருக்குது" என்று கேட்டது அவன்தான். போன வெள்ளிக்கிழமை உங்கள் தேங்காய்க் களத்தை வரைந்தான். காய்கிற பருப்பைக் குட்டிக் குட்டிக் கிண்ணமாக, நான் எண்ணிப் பார்த்தேன், 114 போட்டிருந்தான். ஓரத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓர் ஆள். தாளில் இடம் போதாமல் அந்த ஆளுக்குக் கால் இல்லை.

அதனால் ஒரு உதவி. யாரிடமாவது போன வருஷத்து நாள்காட்டி அட்டை, பிரஸ்ஸில் வெட்டிப் போட்ட பெரிய தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த நோட்டீஸ் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொழுதோட, அதாவது சாயங்காலம், நான் காங்கயம் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போவேன், வந்து வாங்கிக்கொள்கிறேன்.