கிராணிக்குத் தண்ணி ஏத்தணும்

(மலேசியாவில் சுங்கை சிப்புட். தோட்டத்து லயங்களைக் காலி பண்ணி வந்தவர்கள் நிறைந்த ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. சாயங்காலம் அஞ்சரை மணி. ஏழு வருஷம் கிள்ளானில் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பிய பாக்கியம் அக்கா, ஒரு டின் மைலோவும் ஆறு ஆரஞ்சுப் பழமுமாக வாசலில் நிற்கிறார். சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வீட்டுக்காரர் முனியாண்டி, தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிராணி என்றால் தோட்டத்தில் ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுகிற குமாஸ்தா.)

பாக்கியம்: தம்பி, கடையில சொன்னாங்க. கிராணிக்குக் கிட்னி போயிருச்சாமே! நீதான் வச்சுப் பாத்துக்கிறியாம்?

முனியாண்டி: ஆமாக்கா, ரெண்டு மாசமாச்சு. உக்காருங்க. தண்ணி ஏத்துற நேரம்.

பாக்கியம்: ஏன், அவருக்குப் புள்ளைங்க இல்லியா?

முனியாண்டி: இல்லாமயா? மேல் ரோட்டுல நாலு, பாசார் பக்கம் மூணு. கோயிலுக்குப் பின்னாடி ஒண்ணு திரியுது. மூஞ்சியைப் பாத்தா அதுவும் இவன் வேலைதான்.

பாக்கியம்: (நாற்காலியைப் பிடித்துக்கொண்டு) முருகா! நெத்தி நெறைய விபூதி பூசிக்கிட்டு நடந்த மனுஷனா?

முனியாண்டி: இப்ப அடங்கிட்டான். ஆபரேஷன் பண்ணி விட்டாச்சு.

பாக்கியம்: பெரிய மனுஷனை அவன் இவன்னு பேசாத. உன் சம்பளத்துல கைய வச்சாருன்னு கோவம் இருக்கும், அதுக்காக? சரி, சோறு எறங்குதா?

முனியாண்டி: அங்கதான் தகராறு. உப்பு ஆகாது, கருவாடு ஆகாது. எலும்புல பாஸ்பரஸாம், அதுவும் கூடாது. வெறும் சோத்தையும் முட்டை வெள்ளையையும் வச்சா தட்டை மூக்கால தள்ளிட்டுப் போறான். நேத்து கோவத்துல என் சிலிப்பரைக் கடிச்சு ரெண்டாக்கிட்டான்.

பாக்கியம்: சிலிப்பரையா! நீராவது ஒழுங்காப் போகுதா?

முனியாண்டி: அது மட்டும்தான் போகுது. குடிக்கிறதும் குடம் குடமாத்தான். ராத்திரி மூணு தடவை கதவைப் பிறாண்டுவான். தொறந்தா நேரா உங்க வீட்டுச் செம்பருத்திகிட்ட ஓடிப்போய்க் காலைத் தூக்குவான்.

பாக்கியம்: என் செம்பருத்தியா? ஒரு வாரமா அந்தப் பூவைத்தானே சாமிக்குப் போடுறேன்! கூப்பிடு அந்தாளை! கிராணியா இருந்தா என்ன, கவர்னரா இருந்தா என்ன!

முனியாண்டி: டேய் கிராணி, இங்க வா!

(உள்ளேயிருந்து வருகிறது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது, விலா எலும்பை எண்ணலாம். அக்காவின் பையை முகர்ந்து பார்த்துவிட்டு உட்காருகிறது.)

பாக்கியம்: நாயா?

முனியாண்டி: பின்ன யாருன்னு நெனச்சீங்க?

பாக்கியம்: ...அந்த மைலோவை இப்படிக் குடு.

முனியாண்டி: குடுத்தாலும் குடிக்கக் கூடாதுக்கா. அதுல கொக்கோ இருக்கு, நாய்க்கு விஷம். பாயசத்துல போடுற திராட்சையும் அப்படித்தான், கிட்னியை நேரா அடிச்சிரும்.

பாக்கியம்: நாய்க்கு எவன்டா கிராணின்னு பேரு வப்பான்?

முனியாண்டி: தானா வந்த பேருக்கா. நீங்க போனதுக்கப்புறம் குட்டியா வந்துச்சு. விடியக்காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு எங்களுக்கு முன்னாடி போய் நிக்கும். லேட்டா வர்றவனைப் பாத்து மட்டும் கொலைக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?

பாக்கியம்: இதுக்கு எப்படிக் கிட்னி போச்சு? தண்ணி கிண்ணி போடுமா?

முனியாண்டி: எலி மூத்திரம்க்கா. செம்பனைக் காட்டுல எலிக்கா பஞ்சம்? மழை பேஞ்சா எல்லாம் லோங்காங் சாக்கடையில கலந்துருது. இவன் அங்கதான் குளிப்பான், அங்கதான் குடிப்பான்.

பாக்கியம்: எலி புடிக்கத்தான் ஆந்தைக்கூடு கட்டி வச்சிருப்பாங்களே.

முனியாண்டி: ஆந்தை எலியைப் புடிக்கும். மூத்திரத்தையுமா புடிக்கும்? மருந்து குடுத்துக் கிருமியை ஒழிச்சாச்சு. ஆனா கிட்னி கிட்னிதான், போனது போனதுதான். முக்கால்வாசி போன பிறகுதான் ரத்தத்துல கிரியேட்டினின் ஏறிக் காட்டுமாம். ஈப்போவுல டாக்டரம்மா சொன்னாங்க, இது சொகமாகுற சீக்கு இல்ல, வச்சுக்கிட்டு ஓட்டுற சீக்கு. பழைய டிராக்டர் மாதிரி. நமக்குத்தான் அதுல அனுபவம் உண்டே. அக்கா, செத்த கையைக் குடுங்க. என் வீட்டுக்காரி ஊசியைக் கண்டாலே ஜெபம் பண்ணப் போயிருவா.

(அடுப்பிலிருந்து சுடுதண்ணீர் வாளி வருகிறது. உள்ளே சலைன் பை மிதக்கிறது. முனியாண்டி மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறார், பால் புட்டிக்குப் பார்ப்பது போலவே. பிறகு பையை உத்தரத்துக் கொக்கியில் மாட்டுகிறார்.)

பாக்கியம்: தொட்டில் ஸ்பிரிங்குலயா மாட்டுற?

முனியாண்டி: மூணு புள்ளைங்க தூங்குன ஸ்பிரிங். கழட்ட மனசு வரல. பை கொஞ்சம் குதிக்கும், கண்டுக்காதீங்க. தலையைக் கட்டிப் புடிங்க. நான் ரெண்டு தோளுக்கும் நடுவுல தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, ஊசியை உள்ள விட்டு, சக்கரத்தைத் தொறந்து விட்டா...

பாக்கியம்: ஐயையோ! என்னடா, என் மேல மழை பேயுது!

முனியாண்டி: இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வந்துருச்சு. அசையாதீங்க!

பாக்கியம்: நானா அசையுறேன்? நாய் செலை மாதிரி இருக்கு, உன் கைதான் கும்மி அடிக்குது!

முனியாண்டி: முதல் வாரம் எனக்கே மூணு தடவை அபிஷேகம் ஆச்சு. புது ஊசி மாத்துறேன். இதோ... போயிருச்சு.

(இரண்டாவது தடவை சரியாக ஏறுகிறது. பை மேலும் கீழுமாக ஆட, கிராணி ஒரு பெருமூச்சு விட்டு அக்காவின் மடியில் தாடையை வைக்கிறது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கை மட்டும் மடிந்த காதை நிமிர்த்தி விடுகிறது. அது மறுபடி மடிகிறது. மறுபடி நிமிர்த்துகிறார்.)

பாக்கியம்: முதுகுல என்னடா, ஒட்டகம் மாதிரி வீங்குது?

முனியாண்டி: அப்படித்தான் வரணும். 200 மில்லி. தோலுக்கடியில நின்னு கொஞ்சம் கொஞ்சமா உடம்புல சேரும். ராத்திரி அந்த வீக்கம் முன்னங்காலுக்கு எறங்கும், காலையில காணாமப் போயிரும். முதல் நாள் தெரியாம டாக்டரம்மாவுக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் அடிச்சு, ஒட்டகம் காலுக்கு வந்துருச்சுன்னு அழுதேன்.

பாக்கியம்: அது சரி, அசல் கிராணி ஐயா இருக்காரா இல்லியா?

முனியாண்டி: கல்லு மாதிரி இருக்காரு. சாயங்காலம் ஆறு மணிக்கு இங்க வந்துருவாரு. இவனுக்குக் கணக்கு எழுதுறது அவருதான். அந்த நோட்டை எடுங்க.

பாக்கியம்: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) தோட்டத்துச் சம்பளப் புத்தகம், செக்ரோல் மாதிரியே கோடு போட்டிருக்காரு! "திங்கள். எடை 16 கிலோ. தொரை மூத்திரம், 9 தடவை. செவ்வாய். தொரை வாந்தி, 1. புதன். தொரை சோறு தின்ன மறுப்பு, அரை நாள் பேர் வெட்டு." யாருடா தொரை?

முனியாண்டி: இதுதான். தன் பேரைச் சொல்லி நாயைக் கூப்பிட அவருக்கு வாய் வரல. அதனால அவரு மட்டும் தொரைன்னுதான் கூப்பிடுவாரு.

பாக்கியம்: தொரைன்னா?

முனியாண்டி: முப்பத்தெட்டு வருஷம் தோட்டத்து மேனேஜர் தொரை முன்னாடி கையக் கட்டிக்கிட்டு யெஸ் சார் போட்ட மனுஷன்க்கா. இப்பத் தினம் அந்த வாசல்ல நின்னுகிட்டு, "டேய் தொரை, உக்காரு"ங்கிறாரு. இவனும் உக்காந்துர்றான். ஒரு நாள் கூட மட்டம் போட்டதில்ல அவரு. மழையில கூட குடையைப் புடிச்சுக்கிட்டு வந்துருவாரு.

(பை காலியாகிறது. முனியாண்டி ஊசியை எடுத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடிக்கிறார். பாக்கியம் அக்கா தெருவை எட்டிப் பார்க்கிறார். யாரும் இல்லை.)

பாக்கியம்: அந்த மைலோவைக் கலக்கிக் கொண்டா தம்பி. கிராணி ஐயாவுக்கும் சேத்து.

முனியாண்டி: சரிக்கா.

(அவர் உள்ளே போகிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி முப்பது வருஷம் கழித்தவர் பாக்கியம் அக்கா. சேலையைச் சரி பண்ணிக்கொண்டு, தொண்டையைச் செருமி, எழுந்து நிற்கிறார்.)

பாக்கியம்: (மெதுவாக) தொரை.

(கிராணி நிமிர்ந்து பார்க்கிறது.)

பாக்கியம்: டேய் தொரை! உக்காருடா!

(உட்காருகிறது.)

பாக்கியம்: எந்திரி. ...உக்காரு. ...எந்திரி.

முனியாண்டி: (உள்ளேயிருந்து) அக்கா, சீனி எத்தனை கரண்டி?

பாக்கியம்: இருடா, வேலையா இருக்கேன்!