இரண்டாவது கியரும் என் கழுத்தும்

கார் ஓட்டப் பழகுகிறேன். முதல் கியரில் வண்டி பூனை மாதிரி நகர்கிறது. இரண்டாவது போட்டதும் ஒரு குலுக்கு. பக்கத்தில் இருப்பவர் தலையாட்டி பொம்மை ஆகிவிடுகிறார். "கிளட்சை மெதுவாக விடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மெதுவாகத்தானே விடுகிறேன்! கிளட்ச் பிடித்து இன்ஜினும் சக்கரமும் சேரத் தொடங்கும் அந்தச் சின்ன இடத்தில் கால் ஒரு நொடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. (கிளட்சிலேயே காலை வைத்து ஓட்டுகிறவர்கள்தான் அறிவுரையில் முன்னால் நிற்கிறார்கள்.)

கியரை இறக்கும்போது இன்னும் மோசம். மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தாமல் கிளட்சை விட்டால் சக்கரமே இன்ஜினை இழுத்துச் சுற்றவைக்கும். அதுதான் அந்த வெட்டு.

நேற்று ஏழெட்டு முறை கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. சரி, பழகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த சிக்னலில் வண்டி ஆஃப். பின்னால் ஒரே ஹாரன்.