முத்தம் கொடுக்க மறுத்த பிள்ளை

போன வாரம் உறவினர் வீட்டுக் காதுகுத்து. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பெரியவர் ஒருவர் இழுத்து மடியில் உட்காரவைத்து, "தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்றார். அவள் கையை விடுவித்துக்கொண்டு "வேண்டாம்" என்றாள். "பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு முறுக்கு ஆகாது" என்று ஓர் அத்தை என் காதருகே சொல்லிவிட்டுப் போனார். என் வாயிலும், வெட்கக்கேடு, "கொடுத்துவிடேன், தாத்தாதானே" என்பதுதான் வந்தது.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் பள்ளியில் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' வகுப்பு நடந்தது. கையைத் தாளில் வைத்து வரைந்து, விரலுக்கு ஒருவராக, நம்பிச் சொல்லக்கூடிய ஐந்து பேரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கட்டை விரலில் 'அம்மா' என்று எழுதியிருந்தாள். 'வேண்டாம்' என்று சொல், விலகிப் போ, நம்பும் ஒருவரிடம் சொல்: பாடம் இவ்வளவுதான். அவள் பாடத்தின்படிதான் நடந்தாள். தவறியது கட்டை விரல்.

அந்தப் பெரியவர் தங்கமானவர். ஆனால் தங்கம் எது, பித்தளை எது என்று ஏழு வயதில் உரசிப் பார்க்க முடியுமா? மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்ட அறிக்கையில், குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. நாமோ இன்னும் பிள்ளை பிடிப்பவனைக் காட்டித்தான் பயமுறுத்திக்கொண்டிருக்கிறோம்.

'கெட்ட தொடுதல்' என்ற சொல்லிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. சாக்லேட் வாங்கித் தந்து, கதை சொல்லி, மெல்லத் தொடுபவனின் தொடுதல் குழந்தைக்குக் கெட்டதாகத் தோன்றாமல் போகலாம். பிறகு புரியும்போது 'நான்தான் கெட்டவள்' என்று நினைத்துக்கொள்ளும். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்பது தேவலை. அதைவிட, "அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குச் சட்டெனப் பிடிபடுகிறது. உடலுறுப்புகளின் பெயர்களும் அப்படித்தான். கண், காது, மூக்கு என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே வந்ததும் 'ஷேம் ஷேம்' என்கிறோம். பெயரே தெரியாத இடத்தில் நடந்ததை எப்படிப் புகாராகச் சொல்லும்?

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மூடி மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்' என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைத்தால் மட்டும் போதாது. அழைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் அதே வீட்டில் கல்யாணம். யாராவது முத்தம் கேட்டால், "அவள் வணக்கம் சொல்வாள்" என்று நானே முந்திக்கொள்வதாக மகளிடம் சொல்லியிருக்கிறேன். "அத்தை திட்டினால்?" என்று கேட்டாள். திட்டு எனக்குத்தான், உனக்கில்லை என்றேன்.