குதிங்கால் ஊன்றாத பிள்ளை

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை நுனிக்காலில் நடந்தால் இரண்டு தீர்ப்புகள் உடனே கிடைக்கும். வீட்டுப் பெரியவர்கள், "அதெல்லாம் தானாச் சரியாயிரும், பேசாம இரு" என்பார்கள். கைப்பேசி, "ஆட்டிசமாக இருக்கலாம், உடனே பாருங்கள்" என்று பயமுறுத்தும். இரண்டு தரப்புமே தூரத்தில் நின்று நடையை மட்டும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். பிள்ளையின் கணுக்காலைத் தொட்டு மடக்கிப் பார்த்தவர்கள் இவர்களில் யாரும் கிடையாது. என் கோபமெல்லாம் அதில்தான்.

என் மகனுக்கு ஆறு வயது. பாளையங்கோட்டையில் வளர்கிறான். நடக்கத் தொடங்கியதிலிருந்தே எக்கி எக்கித்தான் நடப்பான். வீட்டுக்குள் வெறுங்காலோடு இருக்கும்போது அதிகம், குஷி வந்துவிட்டால் இன்னும் அதிகம். ஷூ போட்டால் பாதி குறையும். "ஊனி நடலே" என்றால் ஊன்றி நாலு எட்டு வைப்பான், அப்புறம் மறுபடியும் மேலே போய்விடுவான். மற்றபடி ஓடுவான், சைக்கிள் மிதிப்பான், மாடிப்படியில் தடதடவென்று ஏறுவான், தரையிலிருந்து எழும்போது கையை எங்கும் ஊன்ற மாட்டான். சொன்னால் ஊன்ற முடிகிறதா, படி ஏறுகிறானா, எப்படி எழுகிறான் என்று ஒவ்வொன்றாக மருத்துவர் கேட்டார். அதனால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

"குதிங்காலை ஊனி நட" என்ற வசனத்தை முதலில் பேசிவிடலாம். எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் அவனிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடை என்பது யோசித்து யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. ஆறு வயதுப் பையனுக்கு எதிரே பந்து இருக்கும், பூனை இருக்கும், ஐஸ் வண்டி இருக்கும். குதிங்கால் ஞாபகத்துக்கு வர அங்கே இடமேது? சொல்கிற நிமிடம் ஊன்றுவான், கவனம் திரும்பியதும் கால் பழைய வழிக்குப் போய்விடும். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு அதட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

பயன் இல்லாததோடு போனால் பரவாயில்லை. ஒரு கல்யாண வீட்டில் உறவுக்கார மைனி ஒருத்தி பந்திக்கு நடுவில் சத்தமாகக் கேட்டாள்: "ஏட்டி, உம்புள்ள கால்ல என்ன முள்ளா குத்தியிருக்கு?" உடனே நாலு பேர் அவனைக் கூப்பிட்டு, மேலப்பாளையம் சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பதுபோல, இங்கிருந்து அங்கே நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மண்டபத்தை விட்டுக் கிளம்பும்வரை அவன் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. நடையைத் திருத்துகிறோம் என்று பிள்ளையை நடக்கவே கூச்சப்படுகிறவனாக ஆக்குவது எந்த வைத்தியத்தில் சேர்த்தி?

சரி, கணுக்காலுக்கு வருகிறேன். நாங்கள் பார்த்த எலும்பு மருத்துவர் அவனை நடக்கவிட்டுப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். அப்புறம் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார். முட்டியை நேராக நீட்டி, குதிங்காலை உள்ளங்கையில் தாங்கி, பாதத்தை மெல்ல மேலே தள்ளினார். பாதம் செங்குத்து நிலையைத் தாண்டி எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்துகொண்டார். பிறகு முட்டியை மடக்கி அதையே திரும்பச் செய்தார். எதற்கு இரண்டு தடவை என்று கேட்டேன். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டும் கீழே ஒரே நாணாகச் சேர்ந்து குதிங்கால் எலும்பில் போய் ஒட்டுகின்றன. மேலே இருக்கும் தசை மட்டும் முட்டியையும் தாண்டித் தொடை எலும்பில் தொடங்குகிறது. முட்டியை நீட்டினால் அது இழுபடும், மடக்கினால் தளர்ந்துவிடும். எந்தத் தசை குறுகியிருக்கிறது என்று இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்களாம்.

நம் ஊரில் இதற்கு ஓர் அரைகுறைச் சோதனை எல்லோர் வீட்டிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது: குத்தவைத்து உட்காருவது. குத்தவைக்கும்போது குதிங்கால் தரையில் படியாமல் பிள்ளை பின்னால் சாய்ந்து விழுகிறது என்றால் கணுக்கால் இறுகிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் நன்றாகக் குத்தவைக்கிறானே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. குத்தவைத்தால் முட்டி மடங்கிவிடுகிறது, மேல்தசை தளர்ந்துவிடுகிறது, குறை இருந்தாலும் மறைந்துகொள்ளும். அதனால்தான் முட்டியை நீட்டிப் பார்க்கத் தெரிந்தவர் கையில் ஒரு தடவையாவது பிள்ளையைக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

நடந்து பழகுகிற வயதில் நுனிக்கால் நடை சாதாரணம். இரண்டு மூன்று வயதைத் தாண்டியும் விடாமல் இருந்தால்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து, நரம்பிலும் தசையிலும் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்தால் அதைப் பழக்க நடை என்று வைத்துக்கொள்கிறார்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்திருப்பது இதில் சகஜம். எங்கள் வீட்டில் மகனின் பெரியப்பா சின்ன வயதில் இப்படித்தான் நடப்பாராம். இப்போது அவர் நடையில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆகவே "தானாச் சரியாயிரும்" என்று சொல்லும் ஆச்சிமார் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஸ்வீடனில் 1,436 குழந்தைகளைப் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தரை வயதுக்குள் ஏதாவது ஒரு காலத்தில் இப்படி நடந்தவர்கள் 100-க்கு 5 பேர். அந்த வயதிலும் விடாதவர்கள் 2 பேர். இப்படி நடந்த பிள்ளைகளைப் பத்து வயதில் மறுபடி பார்த்தபோது, ஐந்தில் நான்கு பேர் போல தாமாகவே விட்டிருந்தார்கள். கணக்கு பெரியவர்கள் பக்கம்தான். ஆனால் அவர்களுடைய வாக்கியத்தில் பாதியைக் காணோம். காத்திருக்கலாம், காத்திருக்கிற காலத்தில் கணுக்கால் இறுகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். வருடக்கணக்கில் குதிங்கால் தரையில் படாவிட்டால் தசைநாண் குறுகிப்போகலாம். குறுகிவிட்டால் பிள்ளை பழக்கத்தை விட நினைத்தாலும் கால் விடாது.

இன்னொன்றும் உண்டு. அதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆண் பிள்ளைக்குக் கெண்டைக்கால் திரண்டு உருண்டிருந்தால் நம்மவர்களுக்குப் பெருமை. "காலைப் பாரு, பயில்வான் மாதிரி இருக்கான்" என்று தட்டிக்கொடுப்பார்கள். நுனிக்காலில் நடக்கிற பையனுக்கு அப்படிக் கெண்டைக்கால் பெருத்துக் கல்லாக இருந்தால் அது பெருமைக்குரியதாக இல்லாமல் போகலாம். டூஷேன் என்ற தசைச்சிதைவு நோயில் அப்படி ஆகும். அந்தப் பிள்ளைகள் அடிக்கடி விழுவார்கள், படி ஏறத் திணறுவார்கள், மற்ற பிள்ளைகளோடு ஓட முடியாது. தரையிலிருந்து எழும்போது முட்டியிலும் தொடையிலும் கையை மாற்றி மாற்றி ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறி எழுவார்கள். கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிற நோய் என்கிறார்கள். முதல் சந்தேகத்தைத் தீர்க்க சி.பி.கே. என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

இது பெரும்பாலும் தாய்வழி வருவது. அதனால் மருத்துவர் என்னிடம் தாய்மாமன்களைப் பற்றி விசாரித்தார். சின்ன வயதில் நடக்க முடியாமல் போனவர் யாராவது உண்டா என்று கேட்டார். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று பழி போடுவது இந்த நோய்க்குப் பொருந்தாது. முற்றிலும் குணமாக்க மருந்து இல்லையே, சீக்கிரம் தெரிந்து என்ன என்று ஒருவர் கேட்டார். ஸ்டீராய்டு மருந்தால் தளர்ச்சியைத் தள்ளிப்போட முடிகிறது. அடுத்த பிள்ளை பெறுவதற்கு முன்னால் அந்தத் தாய்க்கு விஷயம் தெரிகிறது. இது சின்ன விஷயமா?

ஒரு காலில் மட்டும் எக்கி நடப்பது, முதலில் நன்றாக ஊன்றி நடந்த பிள்ளை நடுவில் இப்படி மாறுவது, நடக்கவே ஒன்றரை வயதைத் தாண்டியது, கால் விறைப்பாக இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருப்பு கிடையாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தால் மூளை முடக்குவாதத்தின் லேசான வடிவமா என்றும் பார்ப்பார்கள்.

ஆட்டிசம் பற்றி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நுனிக்கால் நடை அதிகம் என்பது உண்மை. ஆனால் நுனிக்காலில் நடக்கிற பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் என்பது அதைத் தலைகீழாகப் பிடிப்பது. பெயர் சொன்னால் திரும்புகிறதா, முகம் பார்க்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பேச்சு வந்ததா என்று இதற்கெனத் தனியாகப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஒரு தெரபி சென்டரில் என் மகனின் கணுக்காலைத் தொடாமலே, வரவேற்பறையில் நாலு எட்டு நடந்ததைப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்பணம் கேட்டார்கள். மரியாதையாக எழுந்து வந்துவிட்டோம். பயந்துபோயிருக்கிற பெற்றோரிடம் வியாபாரம் சுலபமாக நடக்கும்.

இந்த இடத்தில் வாக்கரைத் திட்டாமல் போக முடியவில்லை. பிள்ளை ஒரு வயதை நெருங்குவதற்குள் யாராவது ஒரு மாமா அதை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். நடுவில் தொட்டில்போல உட்காரவைத்து, கால் நுனி மட்டும் தரையைத் தொடும்படி தொங்கவிடும் சாமான் அது. பிள்ளை நுனியால் உந்தி உந்திப் பறக்கும். என் மகன் வாக்கரில் ஏறியதே இல்லை, ஆகவே அவன் நடைக்கு அது காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படியில் உருண்டு அடிபடுகிற ஆபத்துக்காகவே கனடா 2004-ல் அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம்மிடம் இருந்த மர நடைவண்டி எவ்வளவோ மேல். அதில் பிள்ளை தன் காலில் தானே நின்று, தன் எடையைத் தானே தாங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். அம்பாசமுத்திரம் பக்கம் மரச்சொப்பு செய்பவர்களிடம் இன்னும் கிடைக்கிறது. மாமாமார் கவனிக்கவும்.

எங்கே காட்டுவது என்று கேட்பவர்களுக்கு: அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கும் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது. அவர்கள் வரும் அன்று டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் பையனின் நடையை யாரும் கவனிக்கமாட்டார்கள். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. வளர்ச்சி பிந்திய சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி தருகிறார்கள். எண்ணெய்க் கட்டுப் போடுகிறவரிடம் மட்டும் இதற்குப் போக வேண்டாம். இது எலும்பு பிசகியது கிடையாது.

எங்களுக்குக் கிடைத்த வைத்தியம் ரொம்பச் சாதாரணமானது. முட்டியை நீட்டிவைத்துப் பாதத்தை மேலே தள்ளிப் பிடிக்கும் பயிற்சி தினமும் உண்டு. அதை பிசியோதெரபிஸ்ட் கையால் காட்டிக்கொடுத்துத்தான் செய்ய வேண்டும், காணொளி பார்த்துச் செய்தால் நடுப்பாதம் வளையுமே தவிர நாண் நீளாது. மற்றதெல்லாம் விளையாட்டு. குதிங்காலில் மட்டும் நின்று கூடத்தைச் சுற்றி வருவது, சரிவில் ஏறுவது, குத்தவைத்துக் கோலி விளையாடுவது. லீவு நாளில் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போய் ஆற்று மணலில் நடக்கவிடுவோம். பொதபொதவென்ற மணலில் நுனிக்காலில் ரொம்ப நேரம் நிற்க முடியாது, யாரும் சொல்லாமலே குதிங்கால் இறங்கும். மணலைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது, அது வேறு வயிற்றெரிச்சல்.

கணுக்கால் இறுக ஆரம்பித்தால் அடுத்தபடியாக மாவுக்கட்டு. சில வாரங்களுக்குப் போட்டு, இடையிடையே மாற்றி, ஒவ்வொரு தடவையும் பாதத்தைக் கொஞ்சம் மேலே கொண்டுவருவார்கள். அதற்குப் பிறகு தாங்கு பட்டை. வளர்ந்த பிறகும் நாண் குறுகியே இருந்தால் அதை நீட்டும் அறுவை சிகிச்சை. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி பற்றியும் சொல்வார்கள். பழக்க நடைக்கு மாவுக்கட்டோடு அதைச் சேர்த்துப் போட்டதில் கூடுதல் பலன் இல்லை என்று ஸ்வீடனில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஊசி என்று யாராவது ஆரம்பித்தால் எதற்கு என்று தைரியமாகக் கேளுங்கள்.

வீட்டில் ஆச்சியை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. அவர்களுக்கு "ஊனி நட" என்று சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளியில் கால் உரு வாங்கிப் போடுவதாக வேறு நேர்ந்திருந்தார்கள். கடைசியில் பயிற்சியையே அவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். ராத்திரி நல்லெண்ணெய் தடவிக் காலை நீவிவிட்டு, பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி பாதத்தைத் தள்ளிப் பிடிக்க வேண்டும், முப்பது எண்ணும்வரை விடக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, பத்து, இருபது, முப்பது என்று எண்ணி முடித்துவிடுவார்கள். கேட்டால், "பிள்ளைக்கு வலிக்கும்லா?" ஆகவே எண்ணுகிற வேலையை அவனே எடுத்துக்கொண்டான். பகலில் அவன் நடையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பள்ளியிலும் டீச்சரிடம் அதையே கேட்டுக்கொண்டோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணுக்காலை அளக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். போன தடவை முட்டியை நீட்டிப் பார்த்தபோதும் இரண்டு பக்கமும் நன்றாகவே மேலே வந்தது. நடை அப்படியேதான் இருக்கிறது.