கட்ட மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்?

பிரான்ஸில் எட்டு யூரோ டோல், அதாவது மோட்டர்வேக் கட்டணம், கட்டாமல் விட்டதற்கு எனக்கு ஒரு தண்டக் கடிதம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதைப் படம் எடுத்துப் போட்டேன். அதற்குக் கீழே நடந்த கூத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், எடுத்துவிட்டேன். "தம்பி, காசு கட்டாமல் ஓடி வந்துவிட்டு இங்கே வந்து ஒப்பாரி வைக்காதேயும்" என்று ஒரு பெரியவர் எழுதினார். அதற்கு 63 பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். அந்த 63 பேரையும் ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தேன். ஓம், எனக்கு வேறு வேலை இல்லைதான்.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இன்றும் எழுதாவிட்டால் நித்திரை வராது.

முதலில் ஒன்று. கட்ட மாட்டேன் என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. கடிதம் வந்த அன்றிரவே கட்டிவிட்டேன், தண்டத்தோடு சேர்த்து. நான் கேட்டது ஒரு சின்னக் கேள்வி: கட்ட வேண்டும் என்பதை, நான் கட்டக்கூடிய நேரத்தில், எனக்கு விளங்கக்கூடிய மாதிரி ஏன் சொல்லக்கூடாது? இதில் எங்கே ஒப்பாரி வந்தது?

"வெளிக்கிட முதல் படித்துவிட்டுப் போயிருக்கலாமே" என்று குறைந்தது பத்துப் பேர் அறிவுரை சொன்னார்கள். ஐயா, படித்தேன். மச்சாளின் மகளுக்குச் சூரிச்சில் கல்யாணம். லண்டனிலிருந்து பரிஸ், பாசல், சூரிச், கல்யாணம் முடிந்து பிள்ளைகளோடு மிலானோ. இதற்காக இரண்டு இரவு கொப்பியும் பேனாவுமாக இருந்தேன். ஏ லெவலுக்குக்கூட அப்படிப் படிக்கவில்லை.

சுவிஸுக்கு விக்னெட், அதாவது மோட்டர்வேயில் ஓடுவதற்கான அனுமதி ஸ்டிக்கர். 40 பிராங்க். ஒரு நாள், ஒரு கிழமை என்று சின்னதாக எடுக்க முடியாது, கல்யாண வீட்டுக்கு ஒருமுறை போய் வந்தாலும் முழு வருடத்துக்கும்தான். அதில் எனக்குக் குறையே இல்லை. முந்திய வருடம் டிசெம்பர் முதலாம் திகதியிலிருந்து அடுத்த வருடம் ஜனவரி முடியும் வரை பதினான்கு மாதம் செல்லுபடியாகும். 2023 ஓகஸ்டிலிருந்து கண்ணாடியில் ஒட்டவும் தேவையில்லை, நம்பர் பிளேட்டைப் பதிந்தால் சரி. ஒஸ்திரியா பக்கம் போகவில்லை, ஆனாலும் அதையும் வாசித்தேன். அங்கே விக்னெட் எடுத்த பிறகும் பிரென்னர் போன்ற சில பாதைகளுக்குத் தனிக் காசு.

பரிஸுக்கு க்ரிட்டேர், அதாவது வண்டியின் புகை எந்தத் தரம் என்று காட்டும் ஸ்டிக்கர். அது தபாலில் வரும், எனவே சில கிழமைகளுக்கு முன்பே கேட்க வேண்டும். அரசாங்கத் தளத்தில் தபால் செலவோடு சில யூரோதான். கூகிளில் தேடினால் முதலில் வருவது அரசாங்கத் தளமா? இல்லை. அதே கொடி, அதே நீலம், ஒரு எழுத்து மட்டும் மாறிய பெயர். அங்கே முப்பது யூரோவுக்கு மேல் கட்டிவிட்டு, பிறகுதான் எனக்கு விளங்கியது. ஏமாந்தது என் பிழைதான். ஆனால் பாருங்கள், முப்பது யூரோ தூக்கிக் கொடுத்தவன் எட்டு யூரோவை ஒளிக்கவா கார் எடுத்துக்கொண்டு போனான்?

பெல்ஜியத்தையும் படித்தேன். திரும்பும்போது அன்ட்வேர்ப்பில் ஒரு நண்பரைப் பார்க்கும் எண்ணம் இருந்தது. அன்ட்வேர்ப், பிரசல்ஸ், கென்ட் மூன்றிலும் புகை வலயம், அதாவது புகை கூடிய வண்டிகளை உள்ளே விடாத பகுதி. வண்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எங்கள் நம்பர் பிளேட்டை முன்கூட்டியே பதிய வேண்டும். சுத்தமான வண்டி, ஆனால் பதியவில்லை என்றால் தண்டம். குளித்துவிட்டு வந்திருக்கிறேன் என்றால் போதாது, குளித்ததற்குக் கடிதம் காட்ட வேண்டும். நாங்கள் அன்ட்வேர்ப்புக்குப் போகவே இல்லை.

இதையெல்லாம் செய்தவனைத்தான் "ஓடி வந்தவன்" என்கிறீர்கள்.

இனி அந்தப் பாதைக்கு வருகிறேன். பிரான்ஸில் இப்போது சில மோட்டர்வேகளில் தடுப்பும் இல்லை, காசு வாங்கும் பூத்தும் இல்லை. 2022 இல் ஏ79 முழுக்க இப்படி ஆனது. 2024 டிசெம்பரோடு பரிஸிலிருந்து நோர்மண்டி போகும் பாதையும் மாறிவிட்டது. மேலே ஒரு வளைவு, அதில் கமரா. நீங்கள் ஓடிக்கொண்டே போகலாம், 72 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் தேடிக் கட்ட வேண்டும். நாங்கள் ஓடியது இப்படியான ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை, பாதையோடு எனக்குச் சண்டை இல்லை.

பலகை இருந்தது. இல்லை என்று நான் எப்போதாவது சொன்னேனா? மழை, எனவே வேக எல்லை 110. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் நாட்டில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறேன். பலகையில் "ஃப்ளு லீப்ர்" என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் பிரெஞ்சு படித்த என் மகள், "அப்பா, லீப்ர் என்றால் ஃப்ரீ" என்றாள். பிழை சொல்ல முடியாது, அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. பின்சீட்டில் இருந்த ஒருவர் "அப்ப காசில்லை, மிதியும்" என்றார். அவரிடம் பிறகு வருகிறேன்.

தடையில்லாமல் ஓடலாம் என்பதுதான் அந்தப் பலகையின் பொருள். அதற்கும் காசில்லாமல் ஓடலாம் என்பதற்கும் உள்ள தூரம் எனக்கு மூன்று மாதம் கழித்துக் கடிதமாக வந்து சேர்ந்தது.

இத்தாலியிலும் இதே கதைதான், ஆனால் அங்கே தப்பினேன். பழைய நகரங்களின் நடுப்பகுதியில் ஸெட்.டி.எல். என்று கட்டுப்படுத்திய வலயம். வாசலில் மின்பலகை "வார்கோ அத்தீவோ" என்று ஒளிரும். வாசல் இயங்குகிறது, சரி, திறந்திருக்கிறது, போகலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நினைக்கக் கூடாது. கமரா இயங்குகிறது, அனுமதி இல்லாதவர் உள்ளே வராதே என்பது பொருள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தக் கடிதம் ஒரு வருடம் கழித்தும் வரலாம். ஹொட்டேலுக்குப் போகும் ஆட்கள் தங்கள் நம்பர் பிளேட்டை ஹொட்டேல்காரரிடம் சொல்லிப் பதிவிக்க வேண்டும். எனக்கு இதைச் சொன்னது எந்தப் பலகையும் இல்லை, மிலானோவில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த ஒரு வங்காளதேசத் தம்பி.

"அப்ப அவர்கள் நாட்டுக் காற்று நாறட்டும் என்கிறீரா?" என்று ஒருவர். இல்லை. இதில் எனக்கு வாதம் கிடையாது. என் சின்ன மகனின் பள்ளிப் பையில் எப்போதும் மூச்சுத் திணறலுக்கான பம்ப் இருக்கும். தென்கிழக்கு லண்டனில் 2013 இல் இறந்துபோன ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 இல் மரண விசாரணையில் பதிவு செய்தார்கள். அந்தத் தீர்ப்பை வாசித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. புகை விதி வேண்டும்.

ஆனால் ஒரே புகைக்கு எத்தனை பெயர்? 2023 ஓகஸ்ட் 29 அன்று யூலெஸ் என்ற லண்டன் புகை வலயம் நகரம் முழுவதற்கும் விரிந்தபோது என் பழைய யூரோ 5 டீசலைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். நாளுக்கு 12.50 பவுண்ஸ் கட்டி யார் ஓடுவது? அதே வண்டி பரிஸில் க்ரிட்டேர் இரண்டாம் தரம், மரியாதையான ஆள். ஜேர்மனியில் பச்சை ஸ்டிக்கர் கொடுத்து வாருங்கள் என்பார்கள். கடலைக் கடந்தால் பாவி புண்ணியவானாகிறான். ஹனோவர் 2008 இல் வலயம் போட்டது, 2024 இல் எடுத்தது. பிரான்ஸின் கீழ்ச்சபை 2025 இல் இந்த வலயங்களையே ஒழிக்க வாக்களித்தது. போடுகிறவர்களுக்கே இவ்வளவு குழப்பம். கல்யாணத்துக்குப் போகிற நான் மட்டும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

"ட்ரெயினில் போயிருக்கலாம்." நன்றி. ஐந்து பேர், மூன்று பட்டுச்சேலைப் பெட்டி, இரண்டு பலகார வாளி. நீங்கள் வந்து தூக்குவீர்களா?

இன்னொருவர் கொஞ்சம் நியாயமாகக் கேட்டார்: ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் லண்டனில் கட்டாமல் ஓடுகிறார்களே, அது பரவாயில்லையா? பரவாயில்லை என்று யார் சொன்னது? ஆனால் இங்கே லண்டனிலும் இதே கதைதான். 2024 தொடக்கத்தில் செய்திகளில் வந்தது: விதிக்குப் பொருந்திய வண்டியோடு வந்த பெல்ஜியம், ஒல்லாந்து, பிரான்ஸ் ஆட்களுக்கும், முன்கூட்டிப் பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக லண்டனிலிருந்து தண்டக் கடிதங்கள் போயின. அவர்களும் என்னைப் போலத்தான் சமையலறை மேசையில் கடிதத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட் பாலத்தில் காசு வாங்கும் பூத்தை 2014 கடைசியில் எடுத்தார்கள். மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். இங்கே முப்பது வருடமாக இருக்கிற என் சித்தப்பாவே இரண்டு தரம் மறந்தார். நேற்று ஃபெரியில் இறங்கிய போலந்து ட்ரைவரை மட்டும் கள்ளன் என்பதா?

முடியாத காரியத்தைக் கேட்கிறேனா? இல்லை. நோர்வேக்குப் போங்கள். அங்கேயும் கமராதான், பூத் இல்லை. படம் எடுக்கிறார்கள், வண்டி யாருடையது என்று கண்டுபிடிக்கிறார்கள், சாதாரணக் கட்டணத்துக்கு பில் வீட்டுக்கு வருகிறது. முதல் கடிதத்தில் தண்டம் இல்லை. சுவீடன் 2015 இலிருந்து நெரிசல் கட்டணத்துக்கு வெளிநாட்டு வண்டிகளிடமும் அப்படித்தான் பில் அனுப்பி வாங்குகிறது. என் விலாசத்தைக் கண்டுபிடித்துத் தண்டம் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அதே விலாசத்துக்கு முதலில் பில் அனுப்பத் தெரியாதா? நான் கேட்டது இவ்வளவுதான். கட்டுகிறேன், பில்லை அனுப்புங்கள்.

ஜேர்மனி ஒருமுறை கார்களுக்கு டோல் கொண்டுவரப் பார்த்தது, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் கட்ட வேண்டும், ஆனால் ஜேர்மனியில் பதிந்த வண்டிக்காரருக்கு வாகன வரியில் அவ்வளவையும் கழித்துவிடுவோம் என்றார்கள். ஒஸ்திரியா வழக்குப் போட்டது. 2019 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் இது பாரபட்சம் என்று சொல்லித் தூக்கி எறிந்தது. சுற்றி வளைத்துப் பார்த்தால் வெளிநாட்டான் மட்டும் கட்டட்டும் என்பதுதானே அது. இதை நான் சொன்னால் "உமக்கு எல்லாவற்றிலும் இனவாதம்தான் தெரியும்" என்பீர்கள். நான் சொல்லவில்லை, நீதிமன்றம் சொன்னது.

சரி, கோபத்தில் எங்கேயோ போகிறேன்.

2009 இல் முதல்தடவையாகக் கலேயிலிருந்து பரிஸுக்கு ஓடினேன். அப்பா பக்கத்தில். எங்கள் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம், பியாஜ் என்ற டோல் பூத் இடப்பக்கம். எனவே காசு கொடுக்கும் உத்தியோகம் அப்பாவுடையது. சின்னத் துணிப்பையில் யூரோச் சில்லறையை எண்ணி எண்ணி வைத்திருப்பார். பூத் நெருங்கும்போதே கண்ணாடியை இறக்கிவிடுவார், குளிர் உள்ளே வரும், அம்மா பின்னால் இருந்து பேசுவா. உள்ளே இருந்த பெண் "பொன்ஜூர்" என்றா. அப்பா "வணக்கம்" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லி மிச்சக் காசைக் கையில் வைத்தா. பரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பல் போய்ச் சேரும் வரை அப்பா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். ரசீதுகளை மடித்துச் சேர்ட் பையில் வைத்திருந்தார். யாரும் கேட்கப் போவதில்லை என்று சொன்னேன். "கேட்டால்?" என்றார்.

"கேட்டால்?" என்ற அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் எத்தனை தடவை எத்தனை கவுண்டரில் எத்தனை கடதாசி காட்டினார்கள் என்று உங்களுக்கும் தெரியும், அந்தப் பெரியவருக்கும் தெரியும். ஜன்னல் வைத்த கடித உறை வந்தால் அம்மா இன்றைக்கும் தானாகப் பிரிக்க மாட்டா. மேசையில் வைத்துவிட்டு நான் வேலையால் வரும்வரை பார்த்துக்கொண்டு இருப்பா. இந்தக் கடிதத்துக்கும் அப்படித்தான் இருந்தா. "எங்களை அனுப்பப் போகிறார்களா?" என்று கேட்டா. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து இருபது வருடமாகிவிட்டது. எட்டு யூரோ டோலுக்கு.

அதைத்தான் படம் எடுத்துப் போட்டேன். அதற்குத்தான் சிரித்தீர்கள்.

தவறவிட்டதற்குத் தண்டம் போடுங்கள், கட்டுகிறேன் என்று இத்தோடு நான்காவது தடவை சொல்லிவிட்டேன். ஆனால் தவறவிட்டவன் வேறு, களவெடுத்தவன் வேறு. அதிகாரிக்கு அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் அது இயந்திரம், விடுவோம். ஊர் ஆளுக்குமா தெரியாது?

பின்சீட்டில் இருந்தவரிடம் பிறகு வருகிறேன் என்றேனே. அந்த 63 சிரிப்பில் ஒன்று அவருடையது. அண்ணை, "மிதியும்" என்றது நீங்கள். நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். தண்டத்தில் பாதி தரச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அந்தப் பதிவு இப்போது இல்லை, ஆனால் யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட் வாட்ஸப்பில் சுற்றுகிறது. நேற்று எங்கள் குடும்பக் குரூப்பில் அதற்கும் ஒரு சிரிப்புப் போட்டிருந்தீர்கள். அதையாவது எடுத்துவிடுங்கள், அம்மாவும் அந்தக் குரூப்பில் இருக்கிறா.